வாய்ப்பூட்டு

எங்கள் டீச்சருக்கு யாரையும் மன்னிக்கத் தெரியாது. குறையாகச் சொல்லவில்லை. சிலருக்குப் பாட்டு வராது, சிலருக்கு நீச்சல் வராது. டீச்சருக்கு அது வரவில்லை, அவ்வளவுதான்.

எர்ணாவூரில், கடலோரக் குடிசைகளிலிருந்து கொண்டுவந்து குடியமர்த்தியவர்களின் அடுக்கு வீடுகளுக்கு நடுவில் எங்கள் அங்கன்வாடி இருந்தது. ஒரு கூடம், ஒரு சமையல் மூலை, கதவு சரியாகச் சாத்தாத ஒரு கழிப்பறை. வாசலைத் தாண்டினால் துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நிற்கும். நான் ராயபுரத்துப் பெண். பி.ஏ. தமிழ் முடித்துவிட்டு வேறு வேலை கிடைக்காமல் அங்கே உதவியாளராகப் போனேன். சோறு வடிப்பது, முட்டை உரிப்பது, மூக்கு துடைப்பது, ஈர ஜட்டியைக் கழற்றி வேறு மாட்டுவது. கல்யாணமே ஆகாத என்னைப் பிள்ளைகள் "ஆயா" என்று கூப்பிடும். முதல் நாள் அதைக் கேட்டு நான் முகம் சுளித்ததைப் பார்த்துவிட்டு டீச்சர் சொன்னார்: "இன்னா ஸ்டெல்லா, கோவமா? நல்லது. கோவம் இல்லாதவள என்னால நம்ப முடியாது."

கறுத்து, உயரமாக இருப்பார். திருவொற்றியூர் மீனவக் குப்பத்தில் பிறந்தவர். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு பிள்ளைகள் நடுவே சம்மணம் போட்டு உட்கார்ந்தால் மதியம்வரை எழுந்திருக்க மாட்டார். அவர் குரல் லாரி ஹாரனைத் தாண்டிக் கேட்கும். அந்தக் குரலில்தான் கதை சொல்வார், அதே குரலில்தான் திட்டுவார், அதிலேயேதான் தூங்கவும் வைப்பார். பிள்ளைகள் எப்படியோ தூங்கிவிடும்.

நான் சேர்ந்த வருஷம் வட்டத்துக் கட்சிக்காரர் ஒருவர் ஏதோ விழாவுக்கு வரவழைத்த பிளாஸ்டிக் நாற்காலிகளையும் கொடிக்கம்புகளையும் எங்கள் கூடத்தில் அடுக்கிவிட்டுப் போனார். விழா முடிந்தும் எடுக்கவில்லை. பிள்ளைகள் வெளியே வெயிலில் உட்கார்ந்தார்கள். டீச்சர் ஆள் அனுப்பிப் பார்த்தார். "எடுக்கலாம், எடுக்கலாம்" என்று பதில் வந்தது. மறுநாள் காலை மொத்தப் பிள்ளைகளையும் ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்துக்கொள்ளச் சொல்லி, ரயில்வண்டி மாதிரி அவர் வீட்டுக்கு இட்டுக்கொண்டு போனார். கட்சிக்காரர் மனைவி கதவைத் திறந்தார்.

"இன்னா டீச்சர், இத்தினி புள்ளைங்கள இஸ்துகினு வந்துகீறீங்க?"

"எங்க எடத்துல அண்ணன் குந்திகினு கீறாரு. அதான் அண்ணன் எடத்துல நாங்க குந்தலாம்னு."

பிள்ளைகள் சோபாவில் ஏறின. அப்புறம் சோபாவில் வேறு காரியங்களும் நடந்தன. மதியச் சோற்றை நான் அங்கேயே கொண்டுபோய்ப் பரிமாறினேன். சாயங்காலத்துக்குள் கூடம் காலியாகிவிட்டது.

வேறு யாராக இருந்தாலும் அதோடு விட்டிருப்பார்கள். இரண்டு வருஷம் கழித்து அந்தக் கட்சிக்காரர் மகளுக்குக் கல்யாணம் நடந்தபோது டீச்சர் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு போனார். முன்வரிசையில் உட்கார்ந்து மனிதரை இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். சாப்பிடாமல் எழுந்து வந்தார். "இன்னாத்துக்கு டீச்சர்?" என்று கேட்டேன். "சொம்மாதான். ஞாபகம் கீதுன்னு அவருக்குத் தெரியணும் இல்ல?"

ஒரு மீன்காரம்மா முந்தின நாள் பிடித்த சங்கரா மீனைப் புதுசு என்று தலையில் கட்டிவிட்டாள் என்று இன்னொரு சமயம். டீச்சர் அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. தினம் காலையில் வேலைக்கு வரும் வழியில் அவள் கூடைப் பக்கம் நிற்பார். யாராவது மீன் எடுக்கக் குனிந்தால் ஒரு விரலால் செவுளைத் தூக்கிப் பார்ப்பார், பெருமூச்சு விடுவார், போய்விடுவார். அந்த அம்மா கடைசியில் துள்ளத்துடிக்க ஒரு வஞ்சிரத்தைக் கொண்டுவந்து எங்கள் வாசலில் வைத்து அழுதாள். டீச்சர் அதை வாங்கவில்லை.

நான் ஞாயிறு பூசைக்குப் போவதையும் பாதிரியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்வதையும் அவர் வேடிக்கையாகக் கேட்பார். "உங்க சாமி மன்னிக்கறதுக்குன்னே கீறாரு. எனக்கு அந்த வேல வோணாம்பா." இன்னொன்றும் அடிக்கடி சொல்வார்: "உப்புக்காத்துல இரும்புதான் துருப்புடிக்கும். மனசு துருப்புடிக்காது."

இதையெல்லாம் நான் ராயபுரத்தில் வீட்டில் சொல்லிச் சிரிப்பேன். ஒன்றை மட்டும் யாரிடமும் சொன்னதில்லை.

டீச்சரின் புருஷன் வேறொருத்தியோடு போய்விட்டவர். அது எனக்குத் தெரியும். எங்கள் மையத்தில் சூர்யா என்று ஒரு பையன் இருந்தான். வேறு எந்தப் பிள்ளையையும் டீச்சர் அப்படித் தாங்கி நான் பார்த்ததில்லை. அவன் தலையை அவரே வாரி வகிடெடுப்பார். மடியில் வைத்து ஊட்டுவார். தூங்கும்போது அவனுக்கு மட்டும் விசிறுவார். சாயங்காலம் அவன் அம்மா கூப்பிட வந்தால் பையன் டீச்சர் கழுத்தைக் கட்டிக்கொண்டு போகமாட்டேன் என்று கதறுவான். அந்தப் பெண் வாசலுக்கு வெளியே தலையைக் குனிந்துகொண்டு நிற்பாள். டீச்சர் அவசரமே படமாட்டார். "போ கண்ணு, போ. நாளைக்கு வா" என்று அவன் தலையைத் தடவிக்கொண்டே அவளைப் பார்ப்பார்.

அவள்தான் அந்த இன்னொருத்தி என்பது வெகுநாள் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது.  பையன்மேல் அவர் வைத்த பாசம் பொய் என்று சொல்ல முடியாது. அவனுக்குக் காய்ச்சல் வந்தபோது இவர் முகம் வெளுத்துப்போனதை நான் பார்த்தேன். அந்தப் பாசத்தையே கத்தியாகத் தீட்டி ஒரு பெண்ணின் வயிற்றில் தினம் சாயங்காலம் இறக்கிக்கொண்டும் இருந்தார்.

அப்படிப்பட்டவரிடம்தான் அந்த மேடம் வந்து மாட்டினார்.

சின்னப் பிள்ளைகளின் படிப்பைப் பற்றி ஆராய்ச்சி செய்யும் ஒரு நிறுவனத்திலிருந்து வந்தவர். பிள்ளைகள் ஐந்து வயதுக்குள் எவ்வளவு பேச்சைக் கேட்கிறார்களோ, எவ்வளவு பேசுகிறார்களோ, அதை வைத்துத்தான் பின்னால் அவர்கள் படிப்பு அமையும் என்பது அவர் வாதம். அதற்காக ஒரு திட்டம் போட்டு, எங்கள் பக்கத்து அங்கன்வாடிகளில் முயன்று பார்க்க அனுமதி வாங்கியிருந்தார். தினம் பிள்ளைகளுக்குப் படக்கதை சொல்ல வேண்டும், ஒவ்வொரு பிள்ளையோடும் தனியாக உட்கார்ந்து பேச வேண்டும், கேள்வி கேட்டு அது பதில் சொல்லும்வரை காத்திருக்க வேண்டும். திட்டம் பலித்தால் அரசாங்கம் ஒவ்வொரு மையத்துக்கும் இரண்டாவதாக ஒரு டீச்சரைப் போடும், பிள்ளைகளைச் சாயங்காலம் விளக்கு வைக்கும்வரை பார்த்துக்கொள்ளும் ஏற்பாடும் வரும் என்றார். எங்கள் தாய்மாரில் பாதிப்பேர் விடியுமுன் காசிமேட்டுக்குப் போய் மீன் எடுத்துத் தெருத்தெருவாக விற்பவர்கள். மூடுகிற நேரத்துக்கு வர முடியாமல் தவிப்பவர்கள். அவர்களுக்கு அது வரமாக இருந்திருக்கும்.

மேடம் நல்லவர். இதை நான் சொல்லியாக வேண்டும். பருத்திச் சேலை கசங்கக் கசங்கத் தரையில் உட்காருவார். மூக்கு ஒழுகும் பிள்ளையைத் தயங்காமல் மடியில் ஏற்றிக்கொள்வார். டீச்சருக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. டீச்சர் ஒருவரை விரும்பி நான் பார்த்தது அப்போதுதான். வீட்டிலிருந்து நெத்திலிக் குழம்பு கொண்டுவந்து கொடுத்தார். தான் எட்டாவதோடு படிப்பை நிறுத்திக் கருவாடு காயவைத்தது, பிறகு தனியாகப் பரீட்சை எழுதி இந்த வேலைக்கு வந்தது, புருஷன் போன கதை, எல்லாம் சொன்னார். எனக்குக்கூட அவ்வளவு சொன்னதில்லை.

திட்டமும் பலிக்கத்தான் செய்தது. பவி என்று ஒரு சிறுமி இருந்தாள். ஐந்தை நெருங்கிக்கொண்டிருந்தாள். அம்மா மீன் விற்பவள். பவி பொதுவாகவே வாயாடி. படக்கதை தொடங்கிய பிறகு அவளே கதை கட்டத் தொடங்கினாள். திமிங்கிலம் கண்டெய்னர் லாரி ஓட்டிக்கொண்டு போகும், போலீஸ்காரர் மடக்குவார், திமிங்கிலம் அவர்மேல் தண்ணீரைப் பீச்சி அடிக்கும். மேடம் வயிறு வலிக்கச் சிரிப்பார். மையத்தில் நடப்பதையெல்லாம் அவருடைய ஆட்கள் சின்னக் காமிராவில் படம் எடுத்துக்கொண்டார்கள். டீச்சர் கையெழுத்துப் போட்டு அனுமதி கொடுத்திருந்தார்.

ஒருநாள் ஊருக்குள் பெரிய ஓட்டலில் கூட்டம் என்று எங்களை எல்லாம் வண்டி வைத்து அழைத்துப் போனார்கள். நகரம் முழுக்க இருந்து அங்கன்வாடி டீச்சர்கள், உதவியாளர்கள். முன்வரிசையில் அதிகாரிகள், வெளியூர் ஆராய்ச்சியாளர்கள். டீச்சர் அதே பட்டுச்சேலை. மேடம் பேசப்போகிறார் என்பதால் நடுவில் நல்ல இடமாகப் பார்த்து உட்கார்ந்தார். எனக்குப் பின்வரிசைதான் கிடைத்தது.

மேடம் பேசினார். பிள்ளைகள் எந்த மாதிரிப் பேச்சுக்கு நடுவில் வளர்கிறார்கள் என்று ஒரு படம் காட்டுவதாகச் சொன்னார். திரையின் மேல் 'மொழி வறுமை' என்று எழுதியிருந்தது. கீழே ஓர் அங்கன்வாடி. ஒரு பெண் ஒரு பையனுக்கு முட்டை ஊட்டிக்கொண்டிருந்தாள். பெண்ணின் முகத்தையும் பையன் முகத்தையும் தெரியாதபடி கலைத்துவிட்டிருந்தார்கள். குரலை அப்படியே விட்டிருந்தார்கள்.

"துன்னுடா கண்ணு, துன்னு. இன்னாத்துக்கு உம்முனு குந்திகினு கீற? முட்ட துன்னாதான் பெரிய ஆளாயி அந்தாண்ட நிக்குதே கண்டெய்னரு, அத்த ஒத்தக் கையில இஸ்துகினு போவலாம். எங்க, ஆ காட்டு. ஐய, சோம்பேறிக் கயுத!"

கூடம் சிரித்தது. கெட்ட எண்ணத்தோடு இல்லை என்றுதான் நினைக்கிறேன். சினிமாவில் இந்தப் பேச்சு வந்தால் சிரிப்பார்களே, அப்படி. யாரோ "இஸ்துகினு" என்று திருப்பிச் சொன்னார்கள். மறுபடி சிரிப்பு. மேடமும் லேசாகப் புன்னகை செய்துவிட்டு, "இப்படிப்பட்ட சூழலில் குழந்தைக்கு என்ன மாதிரிச் சொற்கள் கிடைக்கும்?" என்று கேட்டு, அடுத்த படத்துக்குப் போனார்.

டீச்சர் அசையவில்லை. முதுகு நேராக இருந்தது. ஒரே ஒருமுறை மெதுவாகத் தலையைத் திருப்பிக் கூடத்தை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தார். என்னையும் பார்த்தார். பிறகு திரும்பிக்கொண்டார். மதியச் சாப்பாட்டில் கோழி வறுவல் போட்டார்கள். டீச்சர் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. திரும்பி வரும்போது வண்டியில் எனக்குத்தான் அழுகை வந்தது.

"டீச்சர், மேடத்துக்கு இது தோணியிருக்காது. மூஞ்சி தெரியலல்ல..."

"மூஞ்சி இன்னாத்துக்குடி? எங்கம்மா செத்து இத்தினி வருசமாச்சு, மூஞ்சி மறந்துபோச்சு. கொரலு மறக்கல." கொஞ்ச நேரம் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். "என் வூட்டு நெத்திலி துன்னுட்டுப் போயி..." என்று தொடங்கி, முடிக்காமல் விட்டுவிட்டார்.

அடுத்த வாரம் மேடம் எங்கள் மையத்துக்கு வந்தார். ஓட்டலுக்கு எங்களை அழைத்துப் போனது துறைக்காரர்கள்தான்; அவ்வளவு பேருக்கு நடுவில் டீச்சரும் இருந்தது அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. டீச்சர் அவருக்கு டீ போட்டுக் கொடுத்தார். சிரித்துச் சிரித்துப் பேசினார். நான் முட்டை உரிப்பதை நிறுத்திவிட்டு டீச்சரையே பார்த்தேன்.

பொங்கலுக்குப் பிறகு பிள்ளைகளைச் சோதிக்க வெளியிலிருந்து ஆட்கள் வருவார்கள் என்று தகவல் வந்தது. திட்டம் நடந்த மையத்துப் பிள்ளைகளையும் நடக்காத மையத்துப் பிள்ளைகளையும் ஒப்பிட்டுப் பார்த்து அறிக்கை கொடுப்பார்கள். அதை வைத்துத்தான் அரசாங்கம் முடிவெடுக்கும். தகவல் வந்த அன்றே டீச்சர் ஒரு புது விளையாட்டைத் தொடங்கினார். பெயர் வாய்ப்பூட்டு.

விளையாட்டு சுலபம். வாயில் பூட்டுப் போட்டுச் சாவியைச் சட்டைக்குள் போட்டுக்கொள்ள வேண்டும். தெரியாத ஆள் வந்து என்ன கேட்டாலும் பூட்டைத் திறக்கக் கூடாது. திறக்காத பிள்ளைக்குத் தேன்மிட்டாய். முதலில் டீச்சரே தலையில் முக்காடு போட்டுக்கொண்டு வேற்றாளாக வந்து கேட்டார். அப்புறம் தண்ணி லாரிக்காரரைக் கூட்டி வந்தார். அப்புறம் ரேஷன் கடைப் பெண்ணை. அவர்கள் படத்தைக் காட்டி, "இது இன்னா? சொல்லு, சொல்லு" என்று கேட்க, பிள்ளைகள் கன்னத்தை உப்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். ஒன்று வாய் திறந்தால் மற்றவை அதை முறைக்கும்.

எனக்கு விளங்கியதும் சமையல் மூலைக்கு அவரை இழுத்துப் போனேன்.

"வேணாம் டீச்சர். இன்னொரு டீச்சர் வருவாங்க. சாயங்காலம் வரைக்கும் பிள்ளைங்கள வெச்சிக்கலாம். பவியோட அம்மா படற பாடு உங்களுக்கே தெரியும்."

"தெரியும்."

"பின்ன?"

"என் பேச்சக் கேட்டா புள்ளைங்களுக்கு ஒண்ணும் வராதுன்னு சொன்னா இல்ல? வரலன்னே இருக்கட்டும். அவ வாயால சொன்னத அவ கண்ணால பாக்கட்டும்."

"மேடம்கிட்ட நேரா கேளுங்க. திட்டுங்க."

"திட்டுனா அழுவா. சாரின்னுவா. நான் மன்னிச்சிடணும். அதுக்கு வேற ஆளப் பாரு."

மாதாந்திரக் கூட்டத்தில் அவர் இன்னும் சில டீச்சர்களைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசியதைப் பார்த்தேன். எத்தனை மையங்களில் வாய்ப்பூட்டு விளையாடினார்கள் என்று எனக்குத் தெரியாது. ஒன்றிரண்டு இல்லை என்பது மட்டும் தெரியும்.

சோதிக்க வந்தவன் ஓர் இளைஞன். கையில் டேப்லெட். ஒவ்வொரு பிள்ளையாக எதிரில் உட்காரவைத்துப் படம் காட்டினான். "இது என்ன?" பதில் இல்லை. "உன் பேர் என்ன?" பதில் இல்லை. சூர்யா வந்தான், டீச்சரைப் பார்த்தான், வாயை இறுக்கிக்கொண்டான். இளைஞன் பொறுமையாகத்தான் இருந்தான். சிரித்துக் காட்டினான், கை தட்டினான், சிறிது நேரம் விட்டு மறுபடி கேட்டான்.

பவி முறை வந்தது. அவளுக்கு மீன் படம். அந்தப் பிள்ளை பேசத் தொடங்கியதே மீன் பெயர்களில்தான். அவள் கண் விரிந்தது. உதடு துடித்தது. இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். கண்ணில் தண்ணீர் கோத்துக்கொண்டது. நான் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டேன். இளைஞன் ஒரு பெருமூச்சோடு திரையில் எதையோ தட்டிவிட்டு அடுத்த பிள்ளையைக் கூப்பிட்டான்.

அவன் போனதும் டீச்சர் எல்லோருக்கும் மிட்டாய் கொடுத்தார். பவிக்கு இரண்டு. பவி அதை வாயில் போட்டுக்கொண்டே, "வஞ்சிரம்! அது வஞ்சிரம்!" என்று கூடம் அதிரக் கத்தினாள். டீச்சர் அவளைத் தூக்கிச் சுற்றினார்.

வெயில் காலத்தில் முடிவு தெரிந்தது. திட்டம் நடந்த பிள்ளைகளிடம் எந்த முன்னேற்றமும் இல்லை, நடக்காத இடத்துப் பிள்ளைகளைவிடவும் மோசம். திட்டம் நின்றது. இரண்டாவது டீச்சர் வரவில்லை. சாயங்கால ஏற்பாடு வரவில்லை. அந்த மேடத்தின் வேலையும் போய்விட்டது என்று மேற்பார்வையாளர் சொன்னார். டீச்சர் அன்றைக்குத் தானே சமைத்தார். பாட்டுப் பாடிக்கொண்டே சமைத்தார்.

பிள்ளைகள் தூங்கிக்கொண்டிருந்த ஒரு மதியம் மேடம் தனியாக வந்தார். இளைத்திருந்தார். உள்ளே வராமல் வாசற்படியிலேயே நின்றார்.

"பவி எனக்குத் திமிங்கிலக் கதை சொன்ன பொண்ணு. அவ ஒரு வார்த்தைகூடப் பேசலன்னு இருக்கு. உங்களுக்குத் தெரியாம இது நடந்திருக்காது டீச்சர்."

"நான்தான் பண்ணேன்."

மேடம் அதை எதிர்பார்க்கவில்லை.  "ஏன்?"

"துன்னுடா கண்ணு, துன்னு," என்றார் டீச்சர். அதே குரலில், அதே இழுவையில். "முட்ட துன்னாதான் பெரிய ஆளாவலாம்."

மேடத்தின் முகத்தில் அது மெல்ல மெல்ல ஏறியது. கையால் கதவைப் பிடித்துக்கொண்டார். "நீங்க அங்க இருந்தீங்களா?"

"சிரிச்ச இல்ல?"

"தப்புதான். ரொம்பப் பெரிய தப்பு. ஆனா இந்தப் பிள்ளைங்க என்ன பண்ணுச்சு? இவங்களுக்கு வரவேண்டியது போச்சே."

"தெரிஞ்சுதான் பண்ணேன். எழுதிப் போடு. என் வேலையத் தூக்கச் சொல்லு."

மேடம் உள்ளே எட்டித் தூங்கும் பிள்ளைகளைப் பார்த்தார். "நான் எழுதமாட்டேன்" என்றார். அழவில்லை. லாரிகளுக்கு நடுவே நடந்து போனார்.

சொன்னபடியே அவர் எழுதவில்லை. அதை டீச்சரால் தாங்க முடியவில்லை. தினம் எதிர்பார்த்தார். மேலிடத்திலிருந்து போன் வந்தால் முதுகை நிமிர்த்திக்கொண்டு எடுப்பார். அது சத்துமாவு மூட்டையைப் பற்றியதாக இருக்கும். "இன்னும் எழுதல பாத்தியா? நல்லவளாமா!" என்று பாத்திரத்தை நங்கென்று வைப்பார். திருப்பி அடிக்காத ஒருத்தியை என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை.

ஜூனில் பவி பள்ளிக்கூடத்தில் ஒன்றாம் வகுப்புக்குப் போனாள். மழை தொடங்கும் சமயம் அவள் அம்மா மீன் கூடையோடு எங்கள் வாசலில் வந்து உட்கார்ந்தாள்.

"டீச்சர், இஸ்கூல்ல என் பொண்ணு வாயே தொறக்கமாட்டேங்குதாம். காது கேக்காதான்னு கேக்குறாங்கோ. மூள வளர்ச்சி இல்லையோன்னு டாக்டரான்ட காட்டச் சொல்றாங்கோ. வூட்ல பேசிப் பேசியே உசுர வாங்குதே!"

டீச்சர் கையிலிருந்த கரண்டியை வைத்தார். கையைக் கழுவினார். என்னையும் அழைத்துக்கொண்டு அப்போதே கிளம்பினார்.

வகுப்பில் பவி கடைசி வரிசையில் இருந்தாள். எங்களைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. ஆனால் சத்தம் வரவில்லை. டீச்சர் அவள் முன்னால் மண்டியிட்டார். "பேசு கண்ணு. பேரு சொல்லு. டீச்சர் வந்துகீறேன் பாரு." பவி அவரைப் பார்த்தாள். பக்கத்தில் நின்ற புது ஆசிரியையைப் பார்த்தாள். தெரியாத ஆள். உதட்டை இன்னும் இறுக்கிக்கொண்டு, பெருமையாகச் சிரித்து, மிட்டாய்க்குக் கையை நீட்டினாள்.

டீச்சர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அவர் அழுது நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். பிறகு எழுந்து முகத்தைத் துடைத்துக்கொண்டு அந்த ஆசிரியையிடம், "இதுக்கு மூளையும் நல்லா கீது, காதும் நல்லா கீது. நான்தான் பூட்டுப் போட்டேன்" என்று எல்லாவற்றையும் சொன்னார். ஒன்றையும் மறைக்கவில்லை.

அதன்பிறகு தினமும் மையத்தை மூடியதும் பள்ளிக்கூடத்துக்குப் போனார். அனுமதி கேட்டு, பவி பக்கத்தில் உட்கார்ந்து, அந்த ஆசிரியையோடு தானே வாயோயாமல் பேசினார். உன் வூடு எங்க, இன்னா சமைச்ச, உனக்குப் புள்ளைங்க எத்தினி என்று. அந்த ஆள் தெரிந்த ஆள் என்று பவிக்குப் படவேண்டும், அவ்வளவுதான். மிட்டாய் எதுவும் கொண்டுபோகவில்லை. கிறிஸ்துமஸ் விடுமுறைக்குச் சற்று முன்னால் ஒருநாள் பவி பக்கத்துப் பையனிடம், "நவுருடா, என் பை மேல குந்திகினு கீற" என்றாள். வகுப்பு முழுக்கத் திரும்பிப் பார்த்தது. மறுநாளிலிருந்து அவளை நிறுத்துவதுதான் கஷ்டமாக இருந்ததாம்.

அதற்குள் டீச்சர் பள்ளியில் சொன்னது வாய்வழியாக மேலே போய்விட்டது. விசாரணை வைத்தார்கள். வேறு எந்தெந்த மையத்தில் இது நடந்தது என்று துருவித் துருவிக் கேட்டார்கள். "நான் மட்டும்தான்" என்ற ஒரே பதில். என்னைக் கேட்டபோது, "அவ சோறாக்குற பொண்ணு, அவளுக்கு இன்னா தெரியும்?" என்று குறுக்கே விழுந்தார். வேலை போகாமல் மாறுதலோடு விட்டார்கள். கொஞ்சம் இரக்கப்பட்டு, காலியாக உள்ள இடங்களைச் சொல்லி எது வேண்டும் என்றும் கேட்டார்கள். திருவொற்றியூரில் அவர் வீட்டுக்குப் பக்கத்திலேயே ஓர் இடம் இருந்தது. காசிமேட்டில் ஒன்று இருந்தது. அவர் புளியந்தோப்பு வேண்டும் என்றார். இரண்டு பஸ் மாறிப் போகவேண்டிய இடம்.

கடைசி நாள் அவரை வழியனுப்பப் பஸ் நிறுத்தம்வரை போனேன். சூர்யாவின் தலையை வாரி, "இனிமே உங்கம்மா வாருவா, அழாம குந்து" என்று அவன் அம்மாவிடமே சீப்பைக் கொடுத்துவிட்டு வந்திருந்தார். அதைப் பார்த்ததிலிருந்து எனக்கு ஒரு நிம்மதி. இவர் மாறிவிட்டார் என்று நினைத்தேன்.

"அந்த மேடம் மேல இன்னும் கோவமா டீச்சர்?"

"அவ மேலயா? அது தீந்துபோச்சு. பவி கைய நீட்டுச்சே, அன்னிக்கே."

"பின்ன எதுக்குப் பக்கத்துல இருக்கறத விட்டுட்டு இவ்ளோ தூரம்?"

பஸ் வந்துவிட்டது. டீச்சர் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு கம்பியைப் பிடித்து ஏறினார். படியில் நின்று திரும்பினார்.

"அந்த ஹால்ல சிரிச்சது யாரு? அதிகாரியா? முக்காவாசி நம்ம டீச்சருங்கடி. ஒவ்வொரு மூஞ்சியாப் பாத்து வெச்சேன். உன்னது மட்டும்தான் சிரிக்கல." கண்டக்டர் விசில் அடித்தார். டீச்சர் குனிந்து, ரகசியம் சொல்வதுபோல, லாரி ஹாரன்களையெல்லாம் தாண்டிக் கேட்கும் அந்தக் குரலில் சொன்னார்:

"அதுல ரெண்டு பேரு புளியந்தோப்புல கீறாளுங்க."